வாய்ச்சண்டை வளர்த்த இசை

அவைத் தலைவர் அவர்களே, சட்டையைக்கூட அவ்வளவு பக்குவமாக மடிக்காமல் இசைத்தட்டை மட்டும் உறைக்குள் உறை போட்டுப் பாதுகாக்கும் நண்பர்களே, அவர்களைத் திருமணம் செய்துகொண்ட ஒரே காரணத்துக்காக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் பொறுமைசாலிகளே!

பழைய சைகடெலிக் ராக், ஹெவி ராக் ஆல்பங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேச எனக்கும் ஆசைதான். ஆனால் அதைவிட, அந்த ஆல்பங்களுக்காக ரசிகர்கள் போட்ட சண்டையைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். 1966 தொடங்கி ஏழெட்டு வருடம் பொங்கி வழிந்த இசை இது. அதற்குப் பிறகு இதை உயிரோடு வைத்திருந்தது யார்? வானொலியா? அது அடுத்த வாரப் பாட்டுக்குப் போய்விட்டது. கம்பெனிகளா? விற்காத தட்டை மறுபடி அச்சடிக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து? பத்திரிகை விமர்சகர்களா? அவர்கள் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். இந்த இசையை வைத்திருந்தவர்கள், ரெக்கார்டுக் கடை வாசலில் நின்று, "உனக்குக் காது இருக்கிறதா இல்லையா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டவர்கள். வாய்ச்சண்டைதான் இந்த இசையை வளர்த்தது.

விமர்சகர் கதைக்கு வருகிறேன். 1969 அக்டோபர் 16. பர்மிங்காமிலிருந்து நான்கு இளைஞர்கள் லண்டனில் ரீஜென்ட் சவுண்ட் என்ற ஸ்டூடியோவுக்குப் போகிறார்கள். ஒரே நாள். மேடையில் எப்படி வாசிப்பார்களோ அப்படியே வாசித்து ஒரு முழு ஆல்பத்தை முடித்துவிட்டு வெளியே வருகிறார்கள். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமையன்று அது வெளிவருகிறது. பதின்மூன்றாம் தேதியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்தால் அவர்கள் ஊரில் ஆகாத நாள். பேண்டின் பெயர் பிளாக் சாபத். ஆல்பத்தின் பெயரும் பிளாக் சாபத். முதல் பாட்டின் பெயரும் பிளாக் சாபத். பெயர் வைப்பதில் சிக்கனம்!

அந்த முதல் பாட்டைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். மழை பெய்கிறது. தூரத்தில் தேவாலய மணி. அப்புறம் டோனி அயோமியின் கிட்டாரில் மூன்றே மூன்று ஒலி. கீழே ஸட்ஜம். மேல் ஸட்ஜம். அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்திமம். அவ்வளவுதான்! பக்கத்திலேயே பஞ்சமம் இருக்கிறது, போய் உட்கார வேண்டியதுதானே? உட்கார மாட்டேன் என்கிறது. அந்த மத்திமத்திலேயே நின்று நடுங்குகிறது. மறுபடியும் கீழ் ஸட்ஜம். அவசரமே கிடையாது. பாஸ் வாசித்த கீசர் பட்லருக்கு ஹோல்ஸ்ட் என்ற இங்கிலாந்து இசையமைப்பாளர் எழுதிய ‘கிரகங்கள்’ தொகுப்பில் செவ்வாய்க்கான பகுதி மிகவும் பிடிக்கும். அந்த வாடை இதில் இருக்கிறது.

மேற்கத்தியக் காதுக்கு அந்த மூன்றாவது ஒலி திகில். நமக்கு? எழுபத்திரண்டு மேளகர்த்தாவில் சரிபாதி, முப்பத்தாறு மேளம், பிரதி மத்திமம்தான். கல்யாணி அங்கேதான் இருக்கிறது. நம் கல்யாண வீட்டு நாகஸ்வரத்தில் மங்கலமாக ஒலிக்கிற சுரத்தை வைத்து அங்கே பேயை வரவழைத்தார்கள் என்றால், சுரத்துக்கு ஏது குணம்? பக்கத்தில் எதை வைக்கிறோம், எதை வைக்காமல் விடுகிறோம் என்பதில் அல்லவா இருக்கிறது வித்தை! இதை என் நண்பர் ஒருவர் ஒப்புக்கொள்ளவே மாட்டார். “கல்யாணிக்கு கமகம் இருக்கிறது, இவனுக்கு என்ன இருக்கிறது?” என்பார். இவரிடமும் இருக்கிறது ஐயா, அந்த நடுக்கம் என்னவாம்?

சரி, விமர்சகர் என்ன செய்தார்? அமெரிக்காவின் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் லெஸ்டர் பேங்ஸ் இந்த ஆல்பத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார். எரிக் கிளாப்டன் இருந்த கிரீம் என்ற பேண்டின் மோசமான நகல் என்பது அவர் தீர்ப்பு. சாதாரண ஆள் இல்லை, அந்தத் தலைமுறையின் மிகக் கூர்மையான காது என்று பெயர் வாங்கியவர். அதற்குள் இங்கிலாந்தில் என்ன நடந்திருந்தது? விற்பனைப் பட்டியலில் ஆல்பம் எட்டாம் இடத்துக்கு வந்துவிட்டிருந்தது. யார் வாங்கினார்கள்? எந்த விமர்சனத்துக்கும் காத்திருக்காத தொழிற்சாலைப் பையன்களும் அவர்களுடைய தம்பிகளும். 1972இல் அதே பேங்ஸ் சாபத்தைப் பற்றி நீளமாக, மரியாதையோடு எழுதினார். எந்தப் பத்திரிகையில்? அதன் பெயரும் கிரீம். பேண்ட் வேறு, பத்திரிகை வேறு. குழம்பாதீர்கள்!

அந்த இரண்டு வருடத்தில் ஆல்பம் மாறிவிட்டதா? ஒரு சுரம் மாறவில்லை. சுற்றி நின்று பேசியவர்கள் பேசிப் பேசியே அவரைக் கேட்க வைத்தார்கள் என்று நான் நம்புகிறேன்.

நண்பர்களே, சண்டைக்கும் ஓர் ஒழுங்கு வேண்டாமா? பட்டிமன்றத்துக்கே நடுவர் வைக்கிற ஊர் நம்முடையது. இந்தச் சண்டையில் நடுவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இரண்டு பேரும் ஒரே தட்டைத்தான் கேட்டீர்களா?

சிரிக்கிறீர்கள். ஜிமி ஹென்ட்ரிக்ஸின் முதல் ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆர் யூ எக்ஸ்பீரியன்ஸ்ட்’, 1967 மே மாதம் இங்கிலாந்தில் வந்தது. அதில் ‘பர்ப்பிள் ஹேஸ்’ கிடையாது! ‘ஹே ஜோ’ கிடையாது! தனிப் பாட்டாக வெளியிட்டதை ஆல்பத்தில் மறுபடி வைத்து ரசிகனிடம் இரண்டு முறை காசு வாங்கக் கூடாது என்பது அங்கே அப்போதைய வழக்கம். அமெரிக்காவுக்குப் போனபோது அவற்றை உள்ளே போட்டு, ‘ரெட் ஹவுஸ்’ என்ற அருமையான புளூஸை வெளியே தள்ளினார்கள். ஒருவர் ‘ரெட் ஹவுஸ்’ இருக்கும் ஆல்பத்தைப் புகழ்கிறார். இன்னொருவர் ‘பர்ப்பிள் ஹேஸ்’ இருக்கும் ஆல்பத்தைத் திட்டுகிறார். இருவரும் சொல்வது ஒரே பெயர். சண்டை எப்போது முடியும்?

பிங்க் ஃபிளாய்டின் முதல் ஆல்பமும் இப்படித்தான். 1967இல் அபே ரோடு ஸ்டூடியோவில் அவர்கள் அதைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, அதே கட்டடத்தில் பீட்டில்ஸ் ‘சார்ஜன்ட் பெப்பர்’ பதிவு செய்துகொண்டிருந்தார்கள். இங்கிலாந்துப் பதிப்பு ‘அஸ்ட்ரானமி டாமினே’யில் தொடங்கும். அமெரிக்கப் பதிப்பில் அந்தப் பாட்டே இல்லை, ‘ஸீ எமிலி ப்ளே’யில் தொடங்கும். அது போதாதென்று மோனோ ஒன்று, ஸ்டீரியோ ஒன்று. ‘இன்டர்ஸ்டெல்லார் ஓவர்டிரைவ்’ முடிகிற இடத்தில், ஸ்டீரியோவில் ஒலி இடது காதுக்கும் வலது காதுக்கும் ஓடி ஓடி நம்மைக் கிறுகிறுக்க வைக்கும். மோனோவில் அப்படி ஓட இடமேது? ஆனால் மோனோவில் கிட்டாரும் டிரம்ஸும் ஒரே இடத்திலிருந்து முட்டிக்கொண்டு வரும். எனக்கு மோனோதான். சிட் பாரெட்டின் கிட்டார் அதில்தான் முரட்டுத்தனமாக இருக்கிறது. ஸ்டீரியோக் கட்சிக்காரர்கள் பிறகு வந்து என்னைக் கவனித்துக்கொள்ளலாம்.

நம் ஊர் நிலைமை இன்னும் மோசம். எண்பதுகளில் இங்கே முக்கால்வாசிப் பேர் தட்டையே பார்த்ததில்லை. ரெக்கார்டிங் சென்டரில் தொண்ணூறு நிமிட கேசட்டைக் கொடுத்து, பக்கத்துக்கு ஓர் ஆல்பம் என்று அடித்து வாங்கிக்கொள்வோம். ஆல்பம் நீளமாக இருந்தால்? கடைசிப் பாட்டின் வால் அறுந்துவிடும். இடம் மிஞ்சினால் கடைக்காரர் தன் விருப்பத்துக்கு இன்னொரு பேண்டின் பாட்டைத் தொடுத்துவிடுவார். அந்தப் பாட்டும் அதே ஆல்பம்தான் என்று சத்தியம் செய்தவர்களை எனக்குத் தெரியும். சிலர் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

அடுத்து, யார் முதலில் என்ற சண்டை. உலகம் முழுக்க ஓயாத சண்டை இது. எனக்கு ருசிக்காத சண்டையும் இதுதான். 1968 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவின் புளூ சியர் ‘வின்ஸிபஸ் இரப்டம்’ என்ற ஆல்பத்தில் பழைய ராக் அண்டு ரோல் பாட்டு ஒன்றை அடித்து நொறுக்கினார்கள். அதே வருடக் கடைசியில் பீட்டில்ஸின் ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’. 1969 ஜனவரியில் லெட் ஸெப்பலின். தேதிதான் தட்டின் முதுகிலேயே இருக்கிறதே, அதற்கு எதற்கு வாதம்? முதலில் வந்தவர் யார் என்பதைக் காலண்டர் சொல்லும். எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம் என்பதைக் காலண்டர் சொல்லுமா?

திரும்பத் திரும்பக் கேட்பது என்றதும் எனக்கு ‘நகெட்ஸ்’ நினைவுக்கு வருகிறது. 1972இல் எலெக்ட்ரா கம்பெனி வெளியிட்ட இரட்டைத் தட்டு. தொகுத்தவர் லென்னி கே. ரெக்கார்டுக் கடையில் வேலை பார்த்தவர், பத்திரிகையில் எழுதியவர், பின்னாளில் பாடகி பாட்டி ஸ்மித்துக்குக் கிட்டார் வாசித்தவர். இருபத்தேழு பாட்டு. எல்லாம் சில வருடங்களுக்கு முன்பு வந்து, ஊர் ஊராக இளைஞர்கள் வாசித்து, பெரும்பாலும் மறந்துபோனவை. அப்போது ஃபேஷன் என்ன? இருபது நிமிட கிட்டார் வித்தை, முழுப் பக்கத்துக்கு ஒரே பாட்டு. அந்த நேரத்தில் ஓர் ஆள் எழுந்து, “மூன்று நிமிடத்தில் மூளையைக் கலக்கிய இந்தப் பையன்களை மறந்துவிட்டீர்களே!” என்கிறார். தொகுப்பா அது? இரண்டு தட்டில் எழுதிய வாதம்! இன்று அந்தக் காலத்து அமெரிக்க சைகடெலிக் என்றால் நாம் அடுக்குகிற பெயர்களில் பாதி அந்தக் கடைக்காரரின் பிடிவாதத்தால் வந்தவை.

அதில் ஒரு பேண்ட், டெக்ஸாஸ் மாநிலம் ஆஸ்டினைச் சேர்ந்த தர்ட்டீன்த் ஃபுளோர் எலிவேட்டர்ஸ். 1966இலேயே தங்கள் முதல் ஆல்பத்தின் தலைப்பில் ‘சைகடெலிக்’ என்று போட்டுக்கொண்டவர்கள். அதில் டாமி ஹால் என்பவருக்கு என்ன வேலை தெரியுமா? குடம்! கடம் மாதிரி தட்டுவதில்லை. வாயருகே குடத்தைப் பிடித்து, அதற்குள் குரலால் குகுகுகு என்று ஒலி எழுப்பி, அதை மைக்கில் விட்டுவிடுவார். பாட்டு முழுக்க ஒரு புறா உள்ளே மாட்டிக்கொண்ட மாதிரி கேட்கும். “இது இசையைக் கெடுக்கிறது” என்று ஒரு கட்சி. “இது இல்லாவிட்டால் இன்னொரு சாதாரண பேண்ட்” என்று ஒரு கட்சி. நான் குடத்தின் கட்சி. ராக்கி எரிக்ஸன் அடித்தொண்டையிலிருந்து அலறும்போது அந்தப் புறா படபடத்தால்தான் பயம் வருகிறது.

ராக்கி எரிக்ஸன் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பெயரும் வேண்டும்: பாபி லீப்லிங். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1971இல் பென்டகிராம் என்ற பேண்டைத் தொடங்கியவர். சாபத் மாதிரி கனமாக வாசித்தார்கள், நல்ல பாட்டுகள் எழுதினார்கள், பதிவும் செய்தார்கள். எழுபதுகள் முழுக்க ஓர் ஆல்பம்கூட வரவில்லை. முதல் ஆல்பம் 1985இல். எழுபதுகளில் பதிவு செய்தவை ‘ஃபர்ஸ்ட் டேஸ் ஹியர்’ என்று ஒரு தொகுப்பாக முறையாக வந்தபோது வருடம் 2000ஐத் தாண்டிவிட்டது. முப்பது வருடம்! அந்த முப்பது வருடமும் இந்தப் பாட்டுகள் எங்கே இருந்தன? கேசட்டில் இருந்தன. ஒருவர் அடித்து இன்னொருவருக்குக் கொடுத்து, “இதைக் கேட்டுவிட்டு அப்புறம் சாபத்தைப் பற்றிப் பேசு” என்று சவால் விட்ட கேசட்டில்.

அந்தச் சவால் எங்கே போய் நின்றது? ஸ்வீடனில் ஓரெப்ரோ என்ற ஊரில். 2000இல் மக்னுஸ் பெலாண்டர் என்ற இளைஞர் ஒரு பேண்ட் தொடங்குகிறார். எதற்கு? பாபி லீப்லிங்குக்கும் ராக்கி எரிக்ஸனுக்கும் காணிக்கையாக ஒரு பதிவு செய்ய. அதுதான் விட்ச்கிராஃப்ட். 2004இல் முதல் ஆல்பம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வருடம் 1971 என்று சூடம் அணைத்துச் சொல்வீர்கள். டிரம்ஸில் மினுமினுப்பு கிடையாது. கிட்டார் இரைச்சலில் ஓர் ஈரம். குரல் பாட்டின் மேல் ஏறி உட்காராமல், பாட்டுக்கு உள்ளேயிருந்து கூப்பிடுகிறது. வெளியிட்டது லண்டனின் ரைஸ் அபவ். அதை நடத்துபவர் லீ டோரியன், தானே பாடகர், பழைய தட்டு சேகரிப்பதில் பேர்போனவர். ஒரு கையால் புதிய பேண்டுகளை வெளியிடுகிறார். இன்னொரு கையால் லீஃப் ஹவுண்ட் மாதிரி 1971இல் வந்து காணாமல் போனவர்களை மறுபடி அச்சடிக்கிறார். கடை, பேண்ட், கம்பெனி மூன்றும் ஒரே ரசிகக் கூட்டத்துக்குள் சுற்றுகின்றன.

இங்கேதான் பெரிய கேள்வி எழுகிறது. இது நகல்தானே? முப்பது வருடத்துக்கு முன்பு செய்ததை மறுபடி செய்வதில் என்ன பெருமை?

கேட்க வேண்டிய கேள்விதான். எதிர்க்கட்சியின் வாதம் பலமானது, அதை நானே சொல்கிறேன். 1966 ஏப்ரலில் பீட்டில்ஸ் ‘டுமாரோ நெவர் நோஸ்’ பதிவு செய்தபோது என்ன செய்தார்கள்? அடியில் தம்புரா சுருதி. ஏறக்குறைய ஒரே ஸ்வரக்கட்டில் முழுப் பாட்டும். ஆர்கனுக்கு வைத்திருந்த சுழலும் ஸ்பீக்கர் பெட்டி வழியாக ஜான் லெனனின் குரல். டேப் துண்டுகளை வளையமாக ஒட்டி ஓடவிட்டு அதன் மேல் கலந்தார்கள். குரலைத் தானாக இரட்டிப்பாக்க அபே ரோடு ஸ்டூடியோவின் பொறியாளர் கென் டவுன்சென்ட் அப்போதுதான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார், அதையும் பயன்படுத்தினார்கள். அன்றைக்குக் கையில் இருந்தவற்றிலேயே புதியதை எடுத்தார்கள். அப்படியென்றால் அவர்களுடைய உண்மையான வாரிசு யார்? பழைய ஆம்ப்ளிஃபயரைத் தேடி வாங்குபவரா? தன் காலத்துக் கருவியை உடைத்துப் பார்ப்பவரா?

இந்தக் கட்சியின் சாட்சி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து வருகிறார். டேம் இம்பாலா என்றால் மேடையில்தான் ஒரு கூட்டம். ஆல்பத்தில் பெரும்பாலும் கெவின் பார்க்கர் என்ற ஒரே ஆள். 2012இல் வந்த ‘லோனரிஸம்’ கேளுங்கள். அறுபதுகளின் மயக்கம் அப்படியே இருக்கிறது, ஆனால் அறுபதுகளில் அதைச் செய்திருக்க முடியாது. டிரம்ஸ் ஒலி நசுங்கி, மூச்சு விட்டு, மறுபடி நசுங்குகிறது. பிரமாதமான ஆல்பம். மறுக்கவில்லை.

ஆனாலும் நான் விட்ச்கிராஃப்ட் பக்கம்தான் பேசுவேன். ஏன்? நகல் என்றால் மூலம் ஒன்று ஊரறிய இருந்திருக்க வேண்டும். பென்டகிராமின் 1973 ஆல்பம் எங்கே? வரவே இல்லையே! வராத ஆல்பத்தை எப்படி நகலெடுப்பது? அந்தப் பாதை பாதியில் நின்றுபோனது. நின்ற இடத்திலிருந்து இவர்கள் நடந்தார்கள். சாபத்தை நகலெடுக்கிற ஆயிரம் பேண்ட் இருக்கிறது, அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. 1969இலிருந்து 1974 வரை உடை, மீசை, எழுத்துரு எல்லாம் சரியாக இருந்து பாட்டு மட்டும் இல்லாத பேண்டுகளை நானும் காசு கொடுத்து வாங்கித் தொலைத்திருக்கிறேன்.

இன்னொரு சாட்சி. கலிபோர்னியாவின் சான் ஹோசேயிலிருந்து ஸ்லீப். மூன்று பேர். பெரிய கம்பெனி ஒப்பந்தம் கிடைத்தது. தொண்ணூறுகளின் நடுவில் அவர்கள் கொண்டுபோய்க் கொடுத்த ஆல்பத்தில் எத்தனை பாட்டு? ஒன்று. எத்தனை நிமிடம்? ஒரு மணி நேரத்துக்கு மேல். கம்பெனி வெளியிட மறுத்தது. பேண்ட் உடைந்தது. 1999இல் ‘ஜெருசலேம்’ என்ற பெயரில் ஐம்பத்திரண்டு நிமிடமாக, ஆறு துண்டாகப் பிரித்து வந்தது. 2003இல் ‘டோப்ஸ்மோக்கர்’ என்ற பெயரில் அறுபத்து மூன்று நிமிடம். பத்து நிமிடம் கேட்டால் எரிச்சல் வரும். இருபதாவது நிமிடத்தில் எழுந்து போகலாமா என்று தோன்றும். முப்பதைத் தாண்டினால் ஆலாபனைக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர் மாதிரி நேரம் மறந்துபோகும். “இது இசையே இல்லை, பிடிவாதம்” என்று என்னிடம் ஒருவர் சொன்னார். “எவ்வளவு நேரம் கேட்டீர்கள்?” என்றேன். “எட்டு நிமிடம்.” எட்டு நிமிடத்துக்கு எட்டு நிமிடத் தீர்ப்புதான் செல்லும், அறுபத்து மூன்று நிமிடத்துக்குச் செல்லாது!

இந்தச் சண்டைக்காரர்களை நன்றாகப் புரிந்துகொண்ட பேண்ட் ஒன்று உண்டு. மெல்போர்னின் கிங் கிஸர்ட் அண்ட் தி லிஸர்ட் விஸர்ட். 2017இல் மட்டும் ஐந்து ஆல்பம். நான்காவதான ‘பாலிகாண்ட்வானாலேண்ட்’ ஆல்பத்தின் மூலப் பதிவையே இலவசமாகக் கொடுத்து, யார் வேண்டுமானாலும் தட்டு அடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அடித்தார்கள்! உலகம் முழுக்க சின்னச் சின்னக் கம்பெனிகள், ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு உறை. ஒரே இசை, எண்ணற்ற தட்டு. பிறகு என்ன, எந்தத் தட்டில் ஒலி நன்றாக இருக்கிறது என்று அடுத்த சண்டை தொடங்கிவிட்டது.

நேரமாகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இத்தனை நேரம் சண்டையைப் பற்றிப் பேசினேன், ஒரு சண்டையைத் தொடங்கி வைக்காமல் இறங்கினால் நன்றாக இருக்காது.

என் கட்சி இது. சாபத்தின் ஆல்பங்களில் பெரியது ‘பாரனாய்ட்’ அல்ல, 1971இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’தான். காரணம் சொல்கிறேன். அயோமிக்குப் பதினேழு வயதில், தகரப் பட்டறையில் வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போய்விட்டன. இடது கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டியது அந்த விரல்கள்தான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டு வாசித்தார். இறுக்கமான தந்தி வலிக்கும். இந்த ஆல்பத்தில் பல பாட்டுகளுக்கு, மூன்று கட்டையில் நிற்க வேண்டிய கிட்டாரின் அடித் தந்தியை ஒன்றரைக் கட்டைக்கு இறக்கிவிட்டார். பட்லரும் பாஸை இறக்கினார். தந்தி தொளதொளத்தது. விரல் சுகப்பட்டது. ஒலி பூமிக்குள் போனது. ஸ்லீப்பும் அவர்கள் வகையறாவும் குடியிருக்கிற வீட்டுக்கு அஸ்திவாரம் அந்த ஒன்றரைக் கட்டையில் இருக்கிறது. ‘பாரனாய்ட்’ நல்ல பாட்டுகளின் வரிசை, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யின் ‘இன்டு தி வாய்ட்’ மாதிரி ஒரு பாட்டு அதில் இருக்கிறதா?

பின்வரிசையில் இரண்டு பேர் ஏற்கெனவே எழுந்துவிட்டார்கள். ‘பாரனாய்ட்’ ஆல்பத்தில் ‘வார் பிக்ஸ்’ இருக்கிறதே என்று சொல்லத்தான் எழுந்திருக்கிறீர்கள், தெரிகிறது. மைக் வலது பக்கத் தூணருகில் இருக்கிறது. நீலச் சட்டைக்காரர் முதலில் வரட்டும்.